சொல்லக்கூடாத பெயர்

(புத்தளம் மாவட்டத்தின் கரையோரப் பாடசாலை ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

 

பழைய கிரேக்கத்துப் பெண்கள் பாடிய காதற் பாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது, இந்தக் கூட்டத்தை ஒழுங்கு செய்தவர்களில் ஒருவர் கேட்டார்: "அதுக்கும் நம்ம கடற்கரைக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்?" நியாயமான கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இங்கிருந்து வடக்கே, வில்பத்துக் காடு கடலில் வந்து முடிகிற இடத்தில், குதிரைமலை முனை இருக்கிறது. செங்கடற் பகுதியின் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளோகாமஸ் என்ற ரோமரின் ஆள் ஒருவர், முன்பு அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர், அரேபியக் கரையைச் சுற்றிப் போகையில் வடகாற்றில் அகப்பட்டார். 15ஆம் நாள் இலங்கையில் ஹிப்புரோஸ் என்ற துறையில் கரை ஒதுங்கினார். கிளாடியஸ் மன்னன் காலத்தில், அதாவது கி.பி. 41க்கும் 54க்கும் இடையில் நடந்ததாக இதைப் பிளினி எழுதிவைத்திருக்கிறார். ஹிப்புரோஸ் என்றால் கிரேக்கத்தில் குதிரைவால். அந்தத் துறை நம்முடைய குதிரைமலைதான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். ஆக, கிரேக்கச் சொல் ஒன்று நம் கரையில் ஏறி ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் ஆகின்றன.

இன்னொரு சம்பந்தமும் உண்டு. அது கற்பிட்டியில் 1807இல் பிறந்தது. சைமன் காசிச்செட்டி என்று பெயர். சட்டசபை உறுப்பினராக இருந்தார்; பிறகு சிலாபத்தில் நீதிபதியாக இருந்தார். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை முதன்முதலாக ஒரு நூலாகத் திரட்டி, இறப்பதற்கு முந்திய ஆண்டு, 1859இல், யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். ஆங்கிலத்தில் எழுதிய அந்த நூலுக்கு அவர் வைத்த பெயர் 'தமிழ் புளூட்டார்க்'. பெரியோர் சரிதங்களை எழுதிப் புகழ்பெற்ற கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க். அவர் பெயரைத் தமிழ்ப் புலவர்களின் தலைவாசலில் எழுதிவைத்தவர் நம்மூர்க்காரர். அப்போது சங்கப் பாட்டுத் தொகையான குறுந்தொகை அச்சில் இல்லை. அது வெளிவந்தது 1915இல். உ.வே. சாமிநாதையரின் உரையோடு கூடிய பதிப்பு 1937இல். இன்று நான் பேசவிருக்கும் தமிழ்ப் பெண்களின் பாட்டுக்கள் காசிச்செட்டியின் காலத்தில் எங்கோ சில ஏட்டுக் கட்டுகளுக்குள் உறங்கிக்கொண்டிருந்தன.

அந்தப் புளூட்டார்க்கே நமக்கு வழிகாட்டட்டும். மன்னன் ஒருவனின் சரிதத்துக்கு நடுவே அவர் ஒரு கதை சொல்கிறார். அந்தியோக்கஸ் என்ற இளவரசன் படுத்த படுக்கையாகிறான். சாப்பாடு இல்லை, நோய் என்னவென்று தெரியவில்லை. எரசிஸ்திராத்தஸ் என்ற வைத்தியர் அவன் பக்கத்திலேயே இருந்து, அறைக்குள் யார் யார் வரும்போது அவன் உடம்பு என்ன செய்கிறது என்று பார்க்கிறார். மற்றவர்கள் வந்தால் ஒன்றும் இல்லை. அவனுடைய சிற்றன்னை ஸ்திராத்தோனிக்கே வந்தால் பேச்சுத் தடைப்படுகிறது, முகம் எரிகிறது, கண் மங்குகிறது, வியர்க்கிறது, நெஞ்சு தாறுமாறாக அடிக்கிறது, பிறகு வெளிறிப்போகிறான். வைத்தியருக்கு விளங்கிவிட்டது. இவையெல்லாம் சாப்போ சொன்ன அறிகுறிகள் என்கிறார் புளூட்டார்க். ஒரு பெண்ணின் பாட்டு, அவள் இறந்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து எழுதப்பட்ட சரிதத்தில், வைத்திய நூலின் இடத்தில் நிற்கிறது.

நம்முடைய அகப்பாட்டிலும் இப்படி ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். மகள் மெலிகிறாள். தாய் முருக பூசாரியான வேலனை அழைக்கிறாள், குறி சொல்லும் கட்டுவிச்சியை அழைக்கிறாள். முருகன் அணங்கினான் என்று ஆடு அறுத்து வெறியாடுகிறார்கள். தோழிக்கு மட்டும் உண்மை தெரியும். அந்த வெறியாட்டையே பாடிப் பெயர் பெற்றவர் வெறிபாடிய காமக்கண்ணியார் என்ற பெண்பாற் புலவர். ஔவையார் குறுந்தொகையில் இன்னும் நுட்பமாக ஒன்று செய்கிறார். குறி சொல்ல வந்தவள் மலையைப் பாடிக்கொண்டே போகிறாள். தோழி அவளை நிறுத்தி, காதலனுடைய மலையை மறுபடி பாடச் சொல்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. நோய்க்குக் காரணம் யார் என்பதை, காரணத்தைச் சொல்லாமலே, தாயின் காதில் போட்டாயிற்று. அந்தியோக்கஸின் வைத்தியருக்கு வேண்டியிருந்த கூர்மை இங்கே ஒரு தோழிக்கு இருக்கிறது.

சாப்போ யார்? துருக்கிக் கரைக்கு எதிரே கிடக்கும் லெஸ்போஸ் தீவில் கி.மு. 630 அளவில் பிறந்தவள். கடல் வாணிபம் தெரிந்த குடும்பம். அவள் சகோதரன் கராக்சோஸ் எகிப்துக்குக் கப்பலில் போய், அங்கே ஒருத்தியிடம் மனத்தையும் பணத்தையும் கொடுத்துவிட்டான் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அவன் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று கடல் தெய்வங்களை வேண்டும் அவள் பாட்டொன்று சிதைந்த நிலையில் இருக்கிறது. கடலுக்குப் போனவர் கரை திரும்பும் வரை அடுப்படியில் மனம் நிற்காது என்பது இங்கே இருக்கிற தாய்மாருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அவள் யாழ் போன்ற நரம்புக் கருவியை மீட்டிப் பாடினாள். பின்னாளில் அலெக்சாந்திரியாவின் அறிஞர்கள் அவள் பாட்டுக்களை ஒன்பது சுருள்களாகத் தொகுத்தார்கள். இன்று முழுதாக எஞ்சியிருப்பது ஒரே ஒரு பாட்டு. மற்றவை துண்டுகள்: இலக்கணக்காரர் ஒரு சொல்லுக்காக எடுத்துக் காட்டியவை, எகிப்தில் ஒக்சிரிங்கஸ் என்ற ஊரின் குப்பை மேடுகளில் 1897 முதல் தோண்டி எடுத்த பாப்பிரஸ் கிழிசல்கள். மழை பெய்யாத மணல் அவற்றைக் காப்பாற்றியது. 2004இல்கூட, முதுமையைப் பற்றிய ஒரு பாட்டு ஏறக்குறைய முழு உருவோடு கிடைத்தது. நம் ஏடுகளுக்கு அந்த மணலின் பாக்கியம் இல்லை. ஈரமும் கறையானும் உள்ள நாடு இது. ஓரிரு நூற்றாண்டுக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்து படியெடுத்தால்தான் ஓலையில் உள்ளது உயிரோடிருக்கும். சங்கப் பெண்புலவர் வெள்ளிவீதியாரின் பாட்டு இன்று என் கையில் இருக்கிறதென்றால், பெயர் தெரியாத பல கைகள் அது அழியக்கூடாது என்று நினைத்திருக்கின்றன.

சாப்போ பாடியது பெரும்பாலும் பெண்கள்மீது கொண்ட காதலை. இதைப் பூசி மெழுகிச் சொல்லும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. மாணவிகளுக்குப் பாடம் நடத்திய ஆசிரியையின் அன்பு என்றெல்லாம் எழுதினார்கள். பாட்டைப் படித்தவர்களுக்கு அது தேவைப்படாது. இளவரசனின் நோயறிய உதவிய அந்தப் பாட்டில், அவள் நேசிக்கும் பெண் ஓர் ஆணின் எதிரே அமர்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். பார்த்துக்கொண்டிருக்கும் சாப்போவின் நாக்கு செயலற்றுப் போகிறது, தோலுக்கடியில் நெருப்பு ஓடுகிறது, காது இரைகிறது. கடைசியில் தான் புல்லைவிடக் 'க்ளோரோஸ்' ஆகிவிட்டதாகச் சொல்கிறாள்.

இந்த ஒரு சொல்லில் சற்று நிற்க வேண்டும். க்ளோரோஸ் என்றால் பச்சை; வெளிறல் என்றும் பொருள். மற்ற மொழிகளில் பெயர்ப்பவர்கள் இந்த இடத்தில் திண்டாடுகிறார்கள். பச்சை என்றால் காதல் வரவில்லை. வெளிறல் என்றால் புல் பொருந்தவில்லை. தமிழனுக்கு இதில் திண்டாட்டமே கிடையாது. பச்சை, பசுமை, பசப்பு, பசலை எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. காதலன் பிரிந்தால் பெண்ணின் மேனியில் பசலை படரும் என்று நம் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். அந்த வெளிறலுக்குப் பசுமையின் பெயரை வைத்தது நம் மொழி. ஒருவரையொருவர் அறியாத இரண்டு மொழிகள், ஒரே உடம்பைப் பார்த்து, ஒரே நிறத்தைச் சொல்லியிருக்கின்றன. சாப்போவைத் தமிழில் படிக்கும்போது எனக்குச் சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல இருப்பதற்கு இந்தச் சொல்தான் காரணம்.

ஆனால் ஒரு வாசலில் தமிழ்ப் பாட்டும் சாப்போவும் பிரிந்துவிடுகிறார்கள். அது பெயர். சாப்போ தான் நேசித்தவர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறாள்: அனக்தோரியா, அத்திஸ், கொங்கிலா. உலகில் மிக அழகானது எது என்று கேட்டு, சிலருக்குக் குதிரைப்படை, சிலருக்குக் கப்பற்படை, எனக்கோ ஒருவர் எதை நேசிக்கிறாரோ அது என்று பதில் சொல்லும் பாட்டில், அவள் நினைவுக்கு வருவது அனக்தோரியாவின் நடை. அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. முழுதாகக் கிடைத்த பாட்டில் அப்ரோதிதே தேவி இறங்கி வந்து கவிஞரைப் பார்த்துப் பேசுகிறாள். அப்போது 'சாப்போ' என்று பெயர் சொல்லியே அழைக்கிறாள். தன் ஆசைக்குள் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்ட பெண்.

நம் அகத்திணையிலோ பெயருக்கு இடமே இல்லை. அன்பின் ஐந்திணையில் காதலர் எவர் பெயரையும் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த ஒழுங்கு. தலைவன், தலைவி, தோழி, செவிலி: இவ்வளவுதான். இதோடு இன்னொரு கட்டுப்பாடும் பெண்ணுக்கு உண்டு. அவள் தன் வேட்கையைத் தலைவன் முன்னால் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. புதுப் பானையில் ஊற்றிய நீர் வெளியே கசிந்து காட்டுவதுபோல அது தானாகத் தெரியவேண்டும் என்கிறது அதே நூல். பானைக்குள் என்ன கொதிக்கிறது என்பதைப் பானை சொல்லக்கூடாது!

இந்த இரண்டு கட்டுப்பாட்டையும் வைத்துக்கொண்டு சங்கப் பெண்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அவனிடம் சொல்லக்கூடாது என்றார்கள். கடலிடம் சொன்னார்கள், நிலவிடம் சொன்னார்கள், குருகிடம் சொன்னார்கள். நற்றிணையில் வெள்ளிவீதியாரின் பாட்டொன்று சின்னஞ்சிறு வெள்ளைக் கொக்கைப் பார்த்துப் பேசுகிறது. காதலனுடைய ஊரில் இருந்துவிட்டு எங்கள் துறைக்கு வருகிறாய், மீனைத் தின்கிறாய், போகிறாய். என் நிலைமையை மட்டும் அவரிடம் சொல்ல மறந்துவிடுகிறாயே, அவ்வளவு அன்போ, அவ்வளவு மறதியோ என்று கேட்கிறாள். இந்த மாவட்டத்தில் களப்போரம் நடந்தவர்களுக்கு அந்தக் கொக்கைத் தெரியும். முந்தலில் நிற்கும், கற்பிட்டிச் சேற்றில் நிற்கும். ஆளைக் கண்டால் இரண்டடி தள்ளி நிற்கும்; பதில் சொல்லாது. பதில் சொல்லாத ஒன்றிடம் பேசுகிறாள் என்பதில்தான் அந்தப் பாட்டின் துயரம் இருக்கிறது.

பெண்பாற் புலவர் வரிசையில் எண்ணப்படும் வெண்பூதியார் நெய்தலில் பாடியதையும் சொல்லவேண்டும். குறுந்தொகையில் நான்கே அடி. அந்த நான்கு அடியில் ஒரு காதல் நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கிறது. அவள் ஓரிடத்தில், அவளுடைய அழகு அவனைச் சந்தித்த கடற்கரைச் சோலையில், அவன் அவனுடைய ஊரில், இரகசியமோ எல்லாரும் கூடும் மன்றத்தில். நம் கரையோரக் கிராமம் ஒன்றின் வரைபடத்தை இதன்மேல் வைத்துப் பாருங்கள். வாடி, சவுக்குத் தோப்பு, அடுத்த ஊர், சந்தி. ஒரு புள்ளிகூட நகராது. ஒருவரையும் பழிக்கவில்லை, அழவுமில்லை. எது எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்கிறாள். இவ்வளவு குறைவாகச் சொல்லி இவ்வளவு இழப்பைக் காட்டிய பாட்டு எனக்குத் தெரிந்து மிகச் சிலவே.

தான் நேசிப்பவன் இன்னானென்று தெரியும்படி பாடியவர் ஒருவர் இருக்கிறார். பெருங்கோழி நாய்க்கன் மகள் நக்கண்ணையார். தகப்பன் பெயரோடு நமக்குத் தெரியவரும் இந்தப் பெண், போரவைக்கோப் பெருநற்கிள்ளி என்ற சோழன்மீது ஆசை கொண்டு மூன்று பாட்டுப் பாடினார். தாய்க்கு அஞ்சுகிறேன், அவையோர்க்கும் நாணுகிறேன், ஆனால் அவனைத் தழுவ விரும்புகிறேன் என்று தன் வாயாலே சொல்கிறார். இன்னொன்றில், அவனுடைய வீட்டுச் சுவருக்கு அப்பால் கிடந்து தன் மேனி பொன்னிறமாகிப் போனதைச் சொல்கிறார், அதே பசலைதான். மூன்றாவதில் அவன் மற்போர் செய்கிறான். வெற்றி அவனுக்கா இல்லையா என்று ஊர் இரண்டுபட்டுப் பேசிக்கொண்டிருக்க, இவர் சிலம்பொலிக்க ஓடிப்போய்ப் பனைமரத்தடியில் நின்று பார்க்கிறார். வென்றவன் அவன்தான் என்று கண்டுகொள்கிறார். கற்பிட்டிச் சாலையில் பனைகளைப் பார்க்கும்போதெல்லாம் அவற்றில் ஒன்றின்மேல் சாய்ந்து நிற்கும் நக்கண்ணையார் எனக்கு நினைவுக்கு வருவார்.

இந்த மூன்று பாட்டும் எங்கே இருக்கின்றன தெரியுமா? புறநானூற்றில்: 83, 84, 85. போரையும் கொடையையும் சாவையும் பாடும் தொகையில். இவை அகத்தில் சேராததற்குக் காரணம், காதலின் அளவு குறைந்ததல்ல. இன்னானென்று தெரிய ஒருவனை நேசித்ததே காரணம் என்று நான் படிக்கிறேன். பெயர் தெரிந்தவுடன் பாட்டு வீட்டைவிட்டு வெளியே வைக்கப்பட்டது. தமிழில் சாப்போவுக்கு மிக நெருங்கி நிற்பவர் யாரென்று கேட்டால், அகநானூற்றைப் புரட்டாமல் நான் புறநானூற்றின் இந்த மூன்று பாட்டையே காட்டுவேன்.

மற்றவர்கள் வேறொரு வழி கண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஆதிமந்தி என்று ஒரு பெண். ஆட்டனத்தி என்ற ஆடல்வல்லானைக் காவிரி இழுத்துக்கொண்டு போக, அவனைத் தேடிக் கரை நெடுகத் திரிந்தவள் என்று பரணர் பாடுகிறார். குறுந்தொகையில் அவள் பெயரில் ஒரு பாட்டு இருக்கிறது. வீரர்கள் கூடும் விழாவிலும் தேடினேன், பெண்கள் கைகோத்து ஆடும் துணங்கையிலும் தேடினேன், எங்கும் காணவில்லை என்கிறது அது. தானும் ஆடுகின்றவள்தான், தன்னை இப்படி மெலியவைத்தவனும் ஆடுகின்றவன்தான் என்று முடிக்கிறாள்.

அடுத்து வெள்ளிவீதியார். அகநானூற்றின் 45ஆம் பாட்டில் இவர் தலைவியின் வாயில் ஓர் அச்சத்தை வைக்கிறார்: ஆதிமந்தியைப் போல நானும் பித்துப்பிடித்து அலையப்போகிறேனோ?

அதற்கடுத்து ஔவையார். அகநானூறு 147. அங்கே தலைவி, தன் காதலன் போன வழியே புறப்பட்டுவிட நினைக்கிறாள். எப்படி? வெள்ளிவீதியைப் போல.

மூன்று பெண்கள். ஒருத்தி தேடினாள், இரண்டாமவள் அவள் பெயரைச் சொன்னாள், மூன்றாமவள் இவள் பெயரைச் சொன்னாள். தலைவியைப் பெயர் சொல்லி அழைக்கத்தான் தடை. உவமைக்குள் பெயர் வருவதை யாரும் தடுக்கவில்லை. அந்தச் சிறிய வாசலைத் திறந்துகொண்டு இவர்கள் ஒருவரையொருவர் உள்ளே அழைத்துக்கொண்டார்கள். வெள்ளிவீதியார் தன் பாட்டில் தன்னை எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை. கணவனைத் தேடிப் போன வெள்ளிவீதி என்று ஒருத்தி இருந்தாள் என்பதை நாம் ஔவையின் வாயால்தான் அறிகிறோம். சாப்போவைத் தெய்வம் பெயர் சொல்லி அழைத்தது. வெள்ளிவீதியை இன்னொரு பெண் அழைத்தாள்.

கிரேக்கப் பாட்டிலும் இதே உறவு ஒன்று உண்டு. இத்தாலியின் தெற்குக் கரையில் லோக்ரி என்ற ஊர். அங்கே கி.மு. 300 அளவில் நோசிஸ் என்ற பெண் குறும்பாட்டுக்கள் பாடினாள். ஒரு பன்னிரண்டு அளவில் எஞ்சியுள்ளன. காதலைவிட இனியது இல்லை, அதன் முன் தேனையும் துப்பிவிடுவேன் என்று தொடங்குகிறாள்; சொல்பவள் நோசிஸ் என்று தன் பெயரையும் வைக்கிறாள். இன்னொரு பாட்டில் அவள், கப்பலேறிச் சாப்போவின் ஊருக்குப் போகும் அந்நியன் ஒருவனை நிறுத்திச் சேதி சொல்லி அனுப்புகிறாள்: லோக்ரி மண்ணும் ஒருத்தியைப் பெற்றது, அவள் பெயர் நோசிஸ் என்று போய்ச் சொல். சாப்போ இறந்து அப்போது இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. துறையில் நின்று தூது அனுப்பும் பெண்ணை நாம் நெய்தலில் எத்தனையோ பார்த்திருக்கிறோம். காதலனுக்குக் குருகை அனுப்புவாள். இவளோ இறந்துபோன ஒரு கவிக்கு, அவளும் பெண் என்பதற்காக, அந்த அந்நியனை அனுப்புகிறாள்.

எரின்னா என்ற இன்னொரு கிரேக்கப் பெண்கவியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வயதில் இறந்தாள் என்பார்கள். மணமாகிப் போய் உடனே இறந்துவிட்ட தோழி பௌகிஸை நினைத்து, சின்ன வயதில் இருவரும் ஆமை விளையாட்டு விளையாடியதை நினைத்து, நீண்ட பாட்டொன்று பாடினாள். அதன் கிழிந்த துண்டு எகிப்திலிருந்து 1928இல் கிடைத்தது. நம் பாட்டில் தோழி எப்போதும் இன்னொருத்தியின் காதலைச் சுமக்கிறவள். தோழிக்காகவே அழுத பாட்டு என்று எரின்னாவினுடையதைப் படித்தபோது எனக்கு நம் தோழிமார் எல்லாரும் நினைவுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருத்திக்கும் பெயர் இல்லை.

இங்கே ஓர் ஐயத்தை நான் மறைக்கக்கூடாது. அகப்பாட்டில் 'நான்' என்று பேசும் பெண் குரல்களில் மிகுதி ஆண்கள் பாடியவை. ஐங்குறுநூற்றின் நெய்தல் நூறும் அம்மூவனார் பாடியது; கடற்கரைப் பெண்ணின் மனம் அவ்வளவு உயிரோடு அதில் இருக்கிறது. நம் நாட்டின் பெயரைத் தாங்கிய ஈழத்துப் பூதன்தேவனார் ஏழு பாட்டுத் தந்திருக்கிறார், அவரும் ஆண். ஈழத்தவள் என்ற அடைமொழியோடு ஒரு பெண் தொகைகளில் வரவில்லை. மறுபக்கம், வெள்ளிவீதியாரின் மிகப் புகழ்பெற்ற பாட்டு ஆணின் குரலில் இருக்கிறது. வெயில் காயும் பாறையில் வெண்ணெய் உருகுகிறது. காவலுக்கு இருப்பவனோ கையில்லாத ஊமை. பார்த்துக்கொண்டே இருக்கலாம், வேறொன்றும் செய்யமுடியாது. தன் காமம் அப்படிப் பரவுகிறது என்று தன்னை இடித்துரைக்கும் நண்பனிடம் தலைவன் சொல்கிறான். சொல்ல வாயும் தடுக்கக் கையும் இல்லாத நிலை யாருடையது? அந்தக் காலத்தில் அது ஆணைவிடப் பெண்ணுக்கே நன்றாகத் தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம். தான் சொல்லக்கூடாததை அவர் ஆண் வேடத்தில் சொன்னார் என்று நான் படிக்கிறேன். நீங்கள் மறுக்கலாம்.

உடப்பில் கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுவார்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் கூடிப் பாடி வலையை இழுப்பார்கள். சாமியும் வரும், காதலும் வரும். கைக்கும் கடலுக்கும் நடுவே பிறந்த அருமையான பாட்டு அது. அதிலும் பெண் பாடப்படுகிறவளாகத்தான் இருக்கிறாள், பாடுவது ஆண். குதிரைமலையில் ஆண்டதாக இந்தப் பக்கத்தில் கதை சொல்லும் அல்லி அரசாணியையும் நினைத்துப்பாருங்கள். புகழேந்தியின் பெயரில் வழங்கும் அல்லி அரசாணி மாலையில் அவள் மதுரைக்கு ராணி. நம் பெரியவர்களின் வாய்மொழியில் அவள் முத்துக் குளித்த இந்தக் கரைக்கு ராணி. ஆண் வாடை ஆகாது என்று வாழ்ந்தவள். அர்ச்சுனன் பாம்பாக உள்ளே நுழைந்து, அவள் தூங்கும்போது தாலியைக் கட்டிவிடுகிறான். கதை கேட்டவர்கள் அவன் சாமர்த்தியத்தைச் சொல்லி மகிழ்ந்தார்கள். கண் விழித்தபோது அவளுக்கு எப்படி இருந்தது என்பதைச் சொல்ல அந்தப் பாட்டில் ஒரு வெள்ளிவீதி இல்லை. எனக்கு இது சின்ன வயதிலிருந்தே ஆறாத குறை.

அதே வில்பத்துக் காட்டின் விளிம்பில், கலா ஓயாவுக்கு வடக்கே, பொம்பரிப்பு. ஈமத்தாழிகள் புதைந்த நிலம். 1970இல் அங்கே முறையாக அகழ்ந்தார்கள். தமிழ்நாட்டு ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு வைத்துப் பேசப்படும் தாழிகள் அவை. சில தாழிகளில் ஒருவருக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் இருந்தன. அவர்கள் யாருக்கு யார் என்று எலும்பு சொல்லாது. ஆனால் புறநானூற்றின் 256ஆம் பாட்டைப் படித்தவர் எவரும் அந்தத் தாழிகளைச் சும்மா பார்த்துவிட்டு வரமுடியாது. வழியில் கணவனை இழந்த ஒருத்தி, குயவனிடம் வந்து ஒன்று கேட்கிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரில் ஒட்டிக்கொண்ட பல்லி, வண்டி போகும் தூரமெல்லாம் போவதுபோல அவனோடு வந்தவள் அவள். அவனுக்குச் செய்யும் தாழியை எனக்கும் இடம் இருக்கும்படி அகலமாகச் செய் என்கிறாள். சாப்போவின் நெருப்பும் நக்கண்ணையாரின் ஓட்டமும் இதில் இல்லை. ஒரு பானையின் வாய் எவ்வளவு அகலம் என்ற அளவில் மட்டும் காதல் பேசப்படுகிறது. இதைப் பாடியவர் ஆணா பெண்ணா என்பதற்குச் சான்று இல்லை. பாடியவரின் பெயரே ஏட்டில் விழுந்துபோயிற்று.

நேரம் ஆகிவிட்டது, பின்னால் நிற்கும் பிள்ளைகள் கால் மாற்றுகிறார்கள். ஒரு சம்பவத்தைச் சொல்லி இறங்கிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் களப்புக் கரையில் ஒரு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டு உம்மா கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். எழுத்து வாசிக்கத் தெரியாது. என் கையில் என்ன புத்தகம் என்று கேட்டார். நற்றிணை என்று சொல்லி, வெள்ளிவீதியாரின் கொக்குப் பாட்டைப் பேச்சுத் தமிழில் சொல்லிக் காட்டினேன். கொக்கு அவரிடம் சொல்ல மறந்துவிட்டதாம் என்று முடித்தேன். அவர் கையில் இருந்த கீரி மீனைத் தட்டியில் வைத்துவிட்டு, களப்புப் பக்கம் பார்த்தார்.

"கொக்கு மறந்திருக்காது டீச்சர். அது போய்ச் சொல்லித்தான் இருக்கும். கேட்ட மனுசன்தான் கேக்காத மாதிரி இருந்திருப்பார்."

நான் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, பாடினவர் பெயர் என்னவென்று கேட்டார். வெள்ளிவீதி என்றேன்.

"அது தெருவுட பேர்தானே? அவட பேர் என்ன?"